பொன்முடி இறக்கமும் ஒரு மஞ்சள் கோடும்

டாக்ஸி ஈஞ்சக்கல் சந்திப்பில் நின்றபோது என் பெயரைப் பார்த்தேன். ஒரு நகைக்கடை விளம்பரத்துக்கும் ஒரு திருவிழா வாழ்த்துக்கும் நடுவே ஆள் உயர ஃபிளெக்ஸ். மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் என் பெயர். நடுவில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்று, அதில் தலைக்கவசம் அணிந்த ஓட்டுநர். வெள்ளைக் கவசம், நெற்றியின் குறுக்கே சிவப்புப் பட்டை.

அந்தக் கவசம் என்னுடையது அல்ல. அதற்குள் இருக்கும் தலை, என்னோடு படித்து என்னோடு வெளிநாடு வந்த ஜெபராஜுடையது.

இங்குள்ள ஒரு பொறியியல் கல்லூரி என்னைப் பேச அழைத்திருந்தது. வெளிநாடு போய் பந்தயக் கார் ஓட்டி, பிறகு பந்தயக் கார் வடிவமைக்கும் பொறியாளனாகி ஓய்வுபெற்ற உள்ளூர்க்காரன் என்பது எனக்கான தகுதி. பழைய படம் ஒன்று கேட்டார்கள். அனுப்பினேன். ஓட்டுவது யார் என்று எழுதவில்லை. படத்தின் ஓரத்தில் ஸ்பானரோடு நின்றிருந்தவன்தான் நான். அந்த ஓரத்தை வெட்டிவிட்டார்கள்.

டாக்ஸிக்காரர் தக்கலைப் பக்கம். என் பார்வை போன திசையைக் கவனித்து, "லண்டன்ல ரேஸ் ஓட்டுன ஆளாக்கும் சார். நம்ம ஊருக்காரராம்," என்றார். "அங்க ரோட்டுல ஆளும் கெடையாது ஆடும் கெடையாது, யாரு வேணாலும் ஓட்டலாம். சாயங்காலம் சாலைக் கடைத்தெருவுக்குள்ள ஒரு மட்டம் ஓட்டிக் காட்டட்டும், நானே மாலை போடுதேன்."

சிரித்தேன். இந்தப் பயணத்தில் மனதாரச் சிரித்தது அப்போது மட்டும்தான்.

அன்று மாலை வலியசாலைக்கு நடந்து போனேன். நான் பிறந்த வீடு இருந்த இடத்தில் ஒரு சமையல் ஒப்பந்தக்காரர் அண்டாக்களை அடுக்கி வைத்திருக்கிறார். அதைப் பார்த்து எனக்கு எதுவும் தோன்றவில்லை. தெரு முனைக் கடையில் போளியும் பால்பாயசமும் வாங்கி உட்கார்ந்தேன். பாயசக் கிண்ணத்தை நான் தனியாக வைத்துக்கொண்டதைப் பக்கத்தில் இருந்தவரால் பொறுக்க முடியவில்லை.

"மாமா, பாயசத்தத் தள்ளி வெச்சுண்டா எப்படி? போளி மேல விட்டுக்கணும். ஊருக்குப் புதுசா?"

"ஆமாம்," என்றேன்.

இந்தத் தெருப் பிள்ளை என்று சொன்னால் யாருடைய மகன் என்பார், பிறகு எங்கே இருந்தாய், கூடப் போனானே அந்தப் பையன் என்ன ஆனான் என்பார். இங்கிலாந்தில் நான் வாழும் ஊரிலும் இனிப்பு எதுவானாலும் அதன் மேல் கஸ்டர்டு ஊற்றித்தான் தருவார்கள். ஆனால் பக்கத்து மேசைக்காரர் எதையும் கேட்கமாட்டார். அந்தக் கேட்காத குணம் எனக்கு நாற்பது ஆண்டுகளாக மிகவும் வசதியாக இருந்தது.

மறுநாள் கல்லூரியில் பொன்னாடை போர்த்தினார்கள். என் வாழ்க்கையைச் சொன்னேன். பட்டத்தோடு போய் இறங்கியது, பிரேக் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் வரைபடம் போட்டது, குளியலறைக்குத் தனி நேரம் ஒதுக்கிய வீட்டுக்காரி, உடைந்த பந்தயக் கார் ஒன்றை வாங்கி வாடகைக் கொட்டகையில் சனி ஞாயிறுகளில் சரிசெய்தது. முதல் பந்தயத்தன்று வாசலில் நின்ற அதிகாரி எங்களைப் பார்த்து, "தேநீர்க் கூடாரம் அந்தப் பக்கம், பின்வழியாகப் போங்கள்," என்றார். ஓட்டுநர்கள் என்றோம். மன்னிப்புக் கேட்காமல் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். இந்த இடத்தில் மாணவர்கள் கைதட்டினார்கள். எல்லா ஊரிலும் தட்டுகிறார்கள்.

பிறகு ஒரு பந்தயக் குழுவில் எனக்கு இடம் கிடைத்தது, சில பருவங்கள் ஓட்டினேன், பிறகு பொறியாளனாகப் பெரிய குழுக்களுக்குப் போனேன், உலகம் சுற்றினேன். "எங்களை", "ஓட்டுநர்கள்" என்று தொடங்கிய கதை எந்த இடத்தில் "நான்" ஆனது என்று யாரும் கேட்கவில்லை.

பேச்சு முடிந்ததும் மாணவர்கள் தாங்கள் கட்டிய சின்னப் பந்தயக் காரைக் காட்டினார்கள். ஆதிரா என்ற பெண் முன்சக்கரத்தின் அருகே குனிந்து, நட்டுகளின் மேல் இழுத்திருந்த மஞ்சள் கோடுகளைக் காட்டினாள்.

"சாரே, மஞ்சள் கண்டா பின்னே ஞங்க தொடமாட்டோம். டீமோட ரூல்," என்று மலையாளமும் தமிழும் கலந்து சொன்னாள்.

எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த பழக்கம் அது. நட்டை அளவோடு முறுக்கவேண்டும். அதற்கென ஒரு ரெஞ்ச் உண்டு, சரியான இறுக்கம் வந்ததும் 'டிக்' என்று சத்தம் கொடுக்கும். சத்தம் கேட்டபின், முறுக்கியவனே நட்டுக்கும் அது உட்கார்ந்திருக்கும் உலோகத்துக்கும் சேர்த்து ஒரு கோடு இழுப்பான். ஓட்டத்தில் நட்டு நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். கோடு இருக்கும் நட்டை இன்னொருவன் மறுபடி முறுக்கக் கூடாது. அதிகம் இறுகினாலும் போல்ட் முறியும். அதனால் அந்தக் கோடு ஒருவன் கொடுத்த வாக்கு. அதை நம்பித்தான் மற்றவன் காருக்குள் உட்காருகிறான்.

நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு காலையில் நான் முறுக்காமல் கோடு போட்டேன்.

அந்தப் பந்தயத்தைப் பார்க்க ஒரு குழுவின் உரிமையாளர் வந்திருந்தார். எங்கள் இருவரில் ஒருவனுக்கு இடம் என்று பேச்சு. நானும் ஜெபராஜும் மாறி மாறி ஓட்டுவோம், அவன் என்னைவிட வேகம். அன்று அவன் முறை. முன் இடது சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கை என்ற இரும்புத் தண்டை மாற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் ரெஞ்சைப் பக்கத்துக் கொட்டகைக்காரன் வாங்கிப் போயிருந்தான். சோதனை அதிகாரிகள் காரை உடனே கொண்டுவரச் சொன்னார்கள். கைக்கு அகப்பட்ட ஸ்பானரால் ஓரளவு இறுக்கிக் கோட்டை இழுத்துவிட்டேன். அவர்கள் கோடுகளைத்தான் பார்ப்பார்கள். ரெஞ்ச் வந்ததும் ஒழுங்காக முறுக்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். ரெஞ்ச் வந்தது. நான் டயர்க்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஜெபராஜ் வந்தான், வழக்கம்போலக் குனிந்து கோடுகளைப் பார்த்தான், ஏறிப் போனான்.

நேர்ப்பாதை முடியும் வளைவில் சக்கரம் மடங்கியது. கார் வளையாமல் நேராக மண்மேட்டில் மோதியது.

விசாரித்தவர்கள் என்னைக் கேட்டார்கள். நட்டு மோதலில் எங்கோ தெறித்துப் போயிருந்தது; சோதனையில் அதன் மேல் கோட்டைப் பார்த்தார்களே என்றேன். ஓட்டுநர் பிரேக் போட்டது தாமதம் என்று முடித்தார்கள். மருத்துவமனையில் ஜெபராஜ் கண் திறந்தபோது, "டே, லேட்டாயிட்டேனா?" என்றான். "கொஞ்சம் லேட்," என்றேன். அவன் ஊர் திரும்பினான். குழுவின் இடம் எனக்கு வந்தது. சில ஆண்டுகள் கிறிஸ்துமஸ் அட்டைகள் வந்தன, பிறகு நின்றன.

நட்டை அப்படி விட்டது வேண்டுமென்று அல்ல. இதைப் பல முறை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன், இன்னும் நம்புகிறேன். ஆனால் அந்த "கொஞ்சம் லேட்" வேண்டுமென்றே சொன்னது.

ஆதிரா ஸ்பானரை நீட்டி, சரிபார்க்கச் சொன்னாள். கை வலிக்கிறது என்றேன்.

அரங்கத்து வாசலில் முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி காத்திருந்தாள். "அங்கிள், நான் ஷீபா. ஜெபராஜ் மகள். நேமத்துலதான் இருக்கோம். ஃபிளெக்ஸ்ல உள்ளது நம்ம ஹெல்மெட்டாக்கும்னு அப்பா சொன்னாவ. கெடந்து சிரிச்சாவ. நாளைக்கு மத்தியானம் உங்களைச் சாப்பிடக் கூப்பிடச் சொன்னாவ."

அவனைத் தேடிக் கண்டுபிடிக்கவேண்டும், சொல்லவேண்டும் என்றுதான் அழைப்பை ஏற்றேன் என்று விமானத்தில் நினைத்திருந்தேன். அவனே கூப்பிட்டதும் போகாமல் இருக்க ஏதாவது காரணம் கிடைக்காதா என்று பார்த்தேன்.

மூன்றாம் நாள் நேமத்துக்குப் போகும் பஸ் கரமனைப் பாலத்தில் நின்றுபோனது. பெல்ட் அறுந்துவிட்டது என்றார் நடத்துநர். பின்னால் வந்த பஸ்ஸில் எல்லோரையும் திணித்தார். "பெரியவருக்கு எடம் கொடுங்க, வீட்டுக்குப் போகவேண்டிய ஆளு," என்று ஒருவர் சொல்ல, "யாருதான் வீட்டுக்குப் போகண்டாம்?" என்று உட்கார்ந்திருந்த பெண் மலையாளத்தில் முணுமுணுத்தபடி எழுந்தார். இங்கிலாந்தில் பஸ் நின்றால் எல்லோரும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இங்கே ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். எனக்கு அது தாங்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜெபராஜ் வாசலில் நின்றிருந்தான். உடம்பு பெருத்திருந்தது. இடது முட்டி மடங்காததால் அந்தக் காலை ஒரு பக்கமாக வீசி வைத்து நடந்தான்.

"எடே சிவா, தலை எனக்கு, பேரு உனக்கா? உள்ள வா."

மரச்சீனிக் கிழங்கும் மத்தி மீன் கறியும். தனியாக ஒரு கிண்ணத்தில் பருப்பு. "பட்டர் வீட்டுப் பிள்ளன்னு ஷீபா வச்சிருக்கா. இங்கிலீஷ்காரன் ஊர்ல ஒனக்கு மொதல் சாசேஜ் வாங்கித் தந்தது யாருன்னு அவளுக்குத் தெரியாது," என்றான். மீன் கறி நல்ல காரம். கண்ணில் நீர் வந்தது. நல்லவேளை, அதற்குக் காரணம் இலையிலேயே இருந்தது.

அவன் ஊர் திரும்பியபின் பஸ் ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறான். பக்கத்து இருக்கையிலிருந்து மட்டும். ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை.

"புதுசா வாற பையன் எவனானாலும் மொத நாளு வண்டியில ஏத்தமாட்டேன். இந்தக் காலத் தொட்டுப் பாருடேம்பேன். இது என்னன்னு கேப்பேன். முழிப்பான். 'பிரேக் கொஞ்சம் லேட், அதாக்கும் இது'ம்பேன். அவ்வளவுதான் பாடம். பிறகு ஒருத்தன் வேகமாப் போகமாட்டான்."

"இதக் கேட்டுக் கேட்டுத்தான் அங்கிள் நான் வளந்தது," என்றாள் ஷீபா. "எனக்கு சைக்கிள்கூட வாங்கித் தரல்ல. எனக்கும் அப்பாக்க அந்த வேகந்தான் இருக்குமாம். இவங்களுக்குத் தெரியாமத்தான் கார் ஓட்டப் படிச்சேன். இப்பவும் நான் ஓட்டுனா பின்சீட்டுல கண்ண மூடிட்டு ஜெபம்."

"ஜெபம் ஒனக்கு இல்ல மக்ளே. எதுக்க வாறவனுக்கு."

அவள் சிரித்தாள். அது பழகிப்போன சிரிப்பு. ஜெபராஜ் என் பக்கம் திரும்பினான். "நீதானே நேர்ல பாத்த ஆளு. இவகிட்டச் சொல்லு. நான் எவ்வளவு லேட்டு?"

இலையில் மரச்சீனி பாதி மிச்சம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "நீ லேட் இல்லை ஜெபா. சரியாகப் போட்டாய். நான் அந்த நட்டை முறுக்கவில்லை. கோடு மட்டும் போட்டேன்."

ஷீபா கறிச்சட்டியோடு அப்படியே நின்றாள். ஜெபராஜ் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அவன் வண்டிக்காரன், வண்டிக்காரன் கேட்கும் கேள்விகளைக் கேட்டான்.

"எந்த நட்டு?"

"இடது. கீழ்க்கை, முன்பக்கம்."

"ரெஞ்ச் எங்க போச்சு?"

"பக்கத்துக் கொட்டகையில். பிறகு வந்தது. நான் மறந்துவிட்டேன்."

"நான் லேட் இல்லன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"அன்று சாயங்காலம் தனியாக நடந்து போய்ப் பார்த்தேன். டயர்த் தடம், பிரேக் போடவேண்டிய இடத்தைக் காட்டும் பலகைக்கு நேராகத்தான் தொடங்கியிருந்தது."

"அப்போ ஆஸ்பத்திரிக்கு நீ வந்தது அதப் பாத்துட்டுத்தான்."

"ஆமாம்."

அவன் எழுந்து போய்க் கை கழுவினான். வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, என்னிடம் அல்ல, மகளிடம் சொன்னான். "எத்தன பிள்ளையளுக்கு நான் பொய்யச் சொல்லிக் குடுத்திருக்கேன்." பிறகு, "ஒனக்கு ஒரு சைக்கிள் வாங்கித் தந்திருக்கலாம்," என்றான்.

ஷீபா என் இலையை எடுத்தாள். நான் இன்னும் சாப்பிட்டு முடித்திருக்கவில்லை.

நான் வாசலில் செருப்பைத் தேடும்போது ஜெபராஜின் குரல் உள்ளேயிருந்து வந்தது. "நாளைக்குக் காலைல வா. பொன்முடிக்குப் போவோம்."

அறைக்குத் திரும்பியதும், மன்னித்துவிட்டான் என்று ஒரு நினைப்பு வந்தது. பழைய நண்பர்கள் மலையேறிப் பேசிக் கொள்வார்கள், அழுவார்கள் என்று. நான் எவ்வளவு மலிவான மனிதன் என்பது அப்படி நினைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கியதில் தெரிகிறது.

மறுநாள் ஷீபா ஓட்டினாள். கியர் மாற்றத் தேவையில்லாத சின்னக் கார். ஜெபராஜ் பின்னால் என்னோடு உட்கார்ந்தான், கண்ணை மூடவில்லை. வித்துராவில் நிறுத்திப் புட்டும் கடலையும் சாப்பிட்டோம். கடைக்காரர், "சேட்டன்மார் ரெண்டு பேரும் அண்ணன் தம்பியா?" என்று கேட்டார். "கூடப் படிச்ச ஆளு," என்றான் ஜெபராஜ்.

வித்துரா தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கொண்டையூசி வளைவுகள் தொடங்கின. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் அவன் வலது பாதம் தரையில் மெல்ல அழுந்துவதைப் பார்த்தேன். ஷீபா அதற்கு ஒரு நொடி கழித்துப் பிரேக் போட்டாள். நான் அவன் பாதத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன், மலையைப் பார்க்கவில்லை.

மேலே மூடுபனி. சுற்றுலா வந்த கூட்டம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. தேநீர்க் கடை ஓரம் சமதரையில் காரை நிறுத்தினாள். ஜெபராஜ் இறங்கி, டிக்கியைத் திறக்கச் சொல்லி, சக்கரம் கழற்றும் ஸ்பானரை எடுத்து என் கையில் கொடுத்தான்.

"நாலு வீலும் முறுக்கு."

மண்டியிட்டேன். எழுபது தாண்டிய முழங்கால்களுக்கு அந்த ஈரத்தரை சுகமாக இல்லை. பக்கத்தில் நின்ற ஓர் இளைஞன் ஓடிவந்து, "அப்பூப்பா எழுந்திருங்க, நான் செய்யறேன்," என்று மலையாளத்தில் சொன்னான்.

"வேண்டாம் மக்கா," என்றான் ஜெபராஜ். "அது அவன் ஜோலியாக்கும்."

ஒவ்வொரு நட்டாக முறுக்கினேன். ஒரு சக்கரம் முடிந்ததும் அவன் ஸ்பானரை என்னிடமிருந்து வாங்கி, மடங்காத காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, நான் முறுக்கிய ஒவ்வொன்றையும் மறுபடி இழுத்துப் பார்த்தான். எங்கள் தொழிலில் ஒருவன் வேலையை மற்றவன் கண்ணெதிரே அப்படிப் பார்ப்பது கன்னத்தில் அறைவதற்குச் சமம். முதல் சக்கரம் அசையவில்லை. இரண்டாவதும். மூன்றாவதில் ஒரு நட்டு அவன் கைக்குக் கால்வட்டம் நகர்ந்தது.

நிமிர்ந்து என்னைப் பார்த்தான். என் தோளில் பலமில்லை, வயதாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். உண்மையும் அதுதான்.

நான்காவது சக்கரத்தை அவனே முறுக்கினான். முடித்ததும் ஸ்பானரை என் பக்கம் நீட்டி, "பிடி," என்றான். பிறகு மகளிடம், "சாவியத் தா மக்ளே."

"அப்பா, லைசென்ஸ் இல்ல. இத்தன வருஷத்துக்குப் பிறகு, அதுவும் இறக்கத்துல..."

"நீ பக்கத்துல இரி. வேணும்னா கண்ண மூடிக்கோ."

ஷீபா அவன் முகத்தைப் பார்த்தாள். சாவியைக் கொடுத்துவிட்டு, சுற்றி வந்து முன்இருக்கையில் ஏறி பெல்ட் போட்டுக்கொண்டாள். நான் பின்கதவின் கைப்பிடியைத் தொட்டேன். பூட்டியிருந்தது. கண்ணாடி கொஞ்சம் இறங்கியது.

"பஸ் வரும் அங்கிள்," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "வித்துராவுல இறங்கி மாறணும்."

ஜெபராஜ் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, இடது காலை ஓரமாக நீட்டி வைத்துக்கொண்டான். கண்ணாடிகளைச் சரிசெய்தான். என் பக்கம் திரும்பவில்லை. கார் சாலையில் இறங்கி, பனிக்குள் போனது.

அதன் பிறகு சத்தம்தான். பொன்முடியில் சாலை மலையை மடித்து மடித்து இறங்குவதால், கார் கண்ணுக்குத் தெரியாமல் போனாலும் கீழே ஒவ்வொரு மடிப்பிலும் கேட்டுக்கொண்டிருக்கும். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே ஓட்டுநர் என்ன செய்கிறான் என்று சொல்வதற்குத்தான் இத்தனை ஆண்டுகள் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். முதல் வளைவுக்கு முன்னால் சத்தம் தாழ்ந்தது, வளைவு முழுவதும் ஒரே சீராக இருந்தது, வெளியே வந்ததும் மெல்ல ஏறியது. இரண்டாவதும் அப்படியே. அடுத்ததில் கீழிருந்து ஒரு பஸ் ஹாரன் அடித்தது. கார் முன்கூட்டியே ஒதுங்கி வழிவிட்டு மறுபடி கிளம்பியது. எந்த வளைவிலும் தடுமாற்றம் இல்லை. எந்த இடத்திலும் லேட் இல்லை. சத்தம் தேய்ந்து, பனியில் கேட்காமலே போகும்வரை நின்றேன்.

ஹாரன் அடித்த பஸ் மேலே வந்து, திரும்பி, கீழே போகத் தயாரானது. ஏறப்போகும்போது அதன் முன்சக்கரத்தில் பார்வை போனது. நட்டுகளின் மேல் மஞ்சள் கோடுகள்.

படியில் நின்ற நடத்துநர் என் கையைப் பார்த்தார். சக்கர ஸ்பானரை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"மெக்கானிக்கா?" என்றார்.

இல்லை என்று தலையாட்டிவிட்டு, வித்துராவுக்கு ஒரு டிக்கெட் கேட்டேன்.